மறு: ஃபௌலிங் – ‘மாசடைவு’ வேணாமே, ‘சுடுகசடு’ எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா படிச்சிட்டு சும்மா இருந்தேன், இன்னிக்கி நம்ம தமிழ் கலைச்சொல் பட்டியல்ல இத பார்த்ததும் முடியல.

> ஃபௌலிங் = மாசடைவு. உயவு குறைவதால் துப்பாக்கியில் சேரும் அழுக்கு.

சொல்ல விடுங்க, விளக்கமே தப்பு. எண்ணெ கொறஞ்சா வர்றது தேய்மானம், இறுக்கம். அழுக்கு வர்றது சுடறதால. வெடிமருந்து எரிஞ்ச கரி, தோட்டா உரசி உட்டுட்டுப்போன செம்பு, ஈயம் எல்லாம் குழலுக்குள்ளயும் போல்ட் (தோட்டாவ அறைக்குள்ள தள்ளி மூடற பாகம்) பக்கமும் ஒட்டிக்கும், நீங்க எண்ணெய எவ்ளோ ஊத்தினாலும் ஒட்டும். ரொம்ப ஊத்தினா கரியும் புழுதியும் அதுல கொழஞ்சி சாந்து மாதிரி ஆயிடும், குளிர் ஊர்ல எண்ணெயே கெட்டியாகி போல்ட் சோம்பேறியா நகரும்.

ராயபுரத்துல காலேஜ் படிச்சப்ப நான் என்சிசி. பாயிண்ட் டூ டூ ரைஃபிள், குழல சுத்தம் பண்ண புல்த்ரூ கயித்துல சிந்தி, அதாவது துண்டுத்துணி, மாட்டி இழுக்கணும். தொடைக்கற சிந்தி 4க்கு 2 இன்ச்சு, எண்ணெ போடற சிந்தி 4க்கு ஒன்றரை இன்ச்சு. நான் ஒரே துணியில ரெண்டையும் முடிச்சிட்டு கிரவுண்ட சுத்தி ஓடினவன், அதனாலதான் இவ்ளோ கோவம். ரெண்டும் ரெண்டு வேலை.

வியட்நாம் போர்ல அமெரிக்க சிப்பாய்ங்களோட எம்-16 ரைஃபிள் பட்ட பாடு இதுதான். மருந்து வகைய மாத்தினாங்க, கரி அதிகமாச்சி, சுத்தம் பண்ற சாமான் சிப்பாய்ங்களுக்கு போதுமான அளவு போய் சேரல, தோட்டா அறைக்கு குரோம் பூச்சும் கெடையாது, அந்த ஈரத்துல துரு வேற. சுட்ட தோட்டாவோட பித்தளைக்கூடு உள்ளயே மாட்டிக்கும், சண்டை நடுவுல கம்பிய உட்டு குத்தி எடுக்கணும். 1967ல அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி வெச்சி விசாரிச்சிச்சு. அப்புறம்தான் குரோம், சுத்தம் பண்ற கிட்டு எல்லாம் ஒழுங்கா வந்துச்சி.

இப்ப சொல்லுக்கு வரேன். பெரம்பூர் நண்பர் சொன்ன ‘கரிப்படிவு’ நல்லாத்தான் இருக்கு, மெக்கானிக்குங்களே ‘கார்பன் புடிச்சிருக்கு’ன்னுதான் சொல்வாங்க. ஆனா செம்பும் ஈயமும் கரி இல்லயே. பழைய வகை தோட்டால பொட்டாசியம் குளோரைடுன்னு ஒரு உப்பு வேற மிஞ்சும், நம்ம சோத்து உப்போட பங்காளி, காத்துல இருக்கற ஈரத்த இழுத்து குழல துரு புடிக்க வெக்கும். எண்ணெயில அது கரையாது, தண்ணி ஊத்தி கழுவணும், அப்புறம் காயவெச்சி எண்ணெ. காசிமேட்டுல வீட்டு கேட்டு எப்படி பொரிஞ்சி போவுதுன்னு பார்த்தவங்களுக்கு இத வெளக்க வேணாம்.

‘மாசு’ வேணவே வேணாம், படிக்கறவன் எண்ணூர் சாம்பலத்தான் நெனைப்பான். படகு அடியில பாசி, கொட்டலசு புடிக்கறதுக்கும் இங்கிலீஷ்ல ஃபௌலிங்தான், அதுக்காக ரெண்டுக்கும் நாம ஒரே சொல் போடணுமா என்ன?

அதனால ‘சுடுகசடு’. எரியறதும் சுடு, துப்பாக்கிய இயக்கறதும் சுடு, ஒரே வினைத்தொகையில ரெண்டும் அடங்கிடுச்சி. சுடுகாடு ஞாபகம் வருதுன்னு ஒருத்தர் சொல்வார், தெரியும், சுடுசோறும் ஞாபகம் வரட்டுமே.

பட்டியல்ல இப்படி மாத்திடலாமா:

சுடுகசடு – சுடும்போது குழலிலும் அறையிலும் படியும் கரி, உலோகம், உப்பு.

லூப்ரிகேஷனுக்கு உயவா மசகாங்கறத தனி இழையில வெச்சிக்கலாம், எனக்கு மசகுதான், மாட்டுவண்டி அச்சுல தடவின சொல்லு அது.