ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் எங்கே எடுக்கலாம்? டெக்சாஸில் இருப்பவர்கள் உதவுங்கள்
வணக்கம். டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் எம்.எஸ். சேரும் அக்கா மகனுக்குக் குறைந்த பிரீமியத்தில் ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் (வாடகைக்குக் குடியிருப்பவருக்கான காப்பீடு) வேண்டும். வளாகத்துக்கு வெளியே மூன்று பேர் சேர்ந்து எடுத்திருக்கும் அபார்ட்மென்ட். ஒப்பந்தப்படி 1,00,000 டாலர் லயபிலிட்டி (அவரால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான ஈடு) கட்டாயம். பாலிசியைக் காட்டினால்தான் சாவி.

பொருட்களுக்கு 10,000 டாலர் கவரேஜ் போதும். டிடக்டிபிள் (கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 500 டாலருக்கு மேல் வேண்டாம். 1,000 வைத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையும், ஆனால் 900 டாலர் லேப்டாப் திருடு போனால் ஒரு காசும் வராது. ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் பாலிசியாகவும் (அதே போன்ற புதிய பொருள் வாங்கும் விலையைத் தருவது) இருக்க வேண்டும். தேய்மானம் கழித்துக் கொடுத்தால் பழைய லேப்டாப்புக்குக் கிடைப்பது சொற்பம்.

அபார்ட்மென்ட் நிர்வாகம் வாடகையோடு சேர்த்துவிடும் திட்டங்களைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். பல திட்டங்கள் கட்டடச் சேதத்தை மட்டுமே ஈடுகட்டும், குடியிருப்பவரின் பொருளை அல்ல.

சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இன்னும் வராத மாணவருக்குப் பாலிசி தரும் நிறுவனம் எது? ஒரே பாலிசியில் சேர்ந்தால் ஒருவரின் கிளெய்ம் மற்றவர்களையும் பாதிக்கலாம் என்பதால் மூவரும் தனித்தனியாகத்தான் எடுக்கிறார்கள். மாதம் 15 டாலருக்குள் எடுத்தவர்கள் நிறுவனத்தின் பெயரோடு டிடக்டிபிள் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.