அப்பத்தாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வர யாரைப் பார்க்க வேண்டும்?

காரைக்குடி சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்கு வணக்கம். ஒரு உதவி.

எங்கள் அப்பத்தாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில். அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் சமையலுக்கு வரும் அக்காவும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், நர்ஸம்மாவும் தன்மையாகப் பேசுவார். போய்ச் சேர்வதுதான் பாடு. முழங்கால் வலியோடு டவுன் பஸ் படி ஏற முடியவில்லை. ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசுக்குக் கடையிலேயே மாத்திரை வாங்கிவிடலாம் என்கிறார் (செட்டிநாட்டுக் கணக்கு!). சரி, வாங்கலாம். சர்க்கரை அளவை யார் பார்ப்பது? காலில் புண் வந்தால்கூட வெளியே சொல்ல மாட்டார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த இரண்டு நோய்க்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பிசியோதெரபியும் உண்டு. அதில் அப்பத்தா பெயரைச் சேர்க்க, துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் போதுமா? இல்லை, அப்பத்தாவே ஒருமுறை நேரில் வர வேண்டுமா? ஆதாரில் சென்னை முகவரி இருக்கிறது, அதனால் சிக்கல் வருமா?

104 மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்தான். ஆனாலும் சாக்கோட்டை, கல்லல் பக்கம் வீட்டில் பெரியவர்களுக்கு இப்படி மாத்திரை வாங்குகிறவர்கள் சொன்னால் நடைமுறை தெரியும். முக்கியமாக, பிசியோதெரபிஸ்ட் உங்கள் வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார்?