ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் வார மடல்: எந்த நாள், என்னென்ன போடலாம்?

சிலேட்டுக்குச்சி (கேள்வி)

ஊரகப் பகுதியில் அரசு உதவிபெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளி. 1 முதல் 5 வரை 184 பிள்ளைகள், சுமார் 140 குடும்பங்கள். பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், கொஞ்சம் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. இந்த 2026–27 கல்வியாண்டில் வாரம் ஒரு செய்தி மடல் விடச் சொல்லி தலைமையாசிரியை சிஸ்டர் உத்தரவு. ஏ4 தாள் ஒன்று, அதுவே வாட்ஸ்அப்பிலும் போக வேண்டும். வேலை என் தலையில்.

எந்தக் கிழமை விடுவது? நடந்த செய்தி எவ்வளவு, வரப்போகும் செய்தி எவ்வளவு? மாதத்தின் முதல் வெள்ளித் திருப்பலி (கோவில் பூசை), செபமாலை, தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) எல்லாம் வரும். அதை மற்றப் பிள்ளைகளின் வீட்டாருக்கு நெருடாமல் எழுதுவது எப்படி? படம் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கூட்டுமணி

வியாழன் மாலை விடுங்கள் டீச்சர். வெள்ளிக்கிழமை கொடுத்த தாள் சனி, ஞாயிறு முழுக்கப் பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடந்து, திங்கள் காலையில் எண்ணெய்க் கறையோடு வெளியே வரும். வியாழன் கொடுத்தால் தொலைத்த பிள்ளைக்கு வெள்ளியன்று இன்னொன்று கொடுக்கலாம். சார்ட் அட்டை, கலர் பென்சில் என்று வாங்கச் சொல்லியிருந்தால் சனிக்கிழமை சந்தை நாளுக்குள் வீட்டுக்குத் தகவல் போயிருக்கும்.

வியாழன் மாலை என்றால் பின்னாலிருந்து இப்படிக் கணக்குப் போடுங்கள். வகுப்பாசிரியர்கள் செய்தி தருவதற்குக் கடைசி நேரம் செவ்வாய் மாலை 4 மணி. புதன் மதியத்துக்குள் தட்டச்சு. புதன் மாலை சிஸ்டரும் தாளாளர் சாமியும் பார்த்துக் கையொப்பம். வியாழன் மதிய உணவு நேரத்தில் நகல். செவ்வாய் 4 மணியைத் தாண்டி வரும் செய்தி அடுத்த வாரத்துக்குத்தான். இதில் ஒருவருக்கு ஒரு தடவை விட்டுக்கொடுத்தாலும் அதன்பின் எல்லாரும் வியாழன் காலையில்தான் துண்டுச்சீட்டோடு வருவார்கள்.

இடத்தைப் பிரிப்பதில் ஒரே விதிதான்: மூன்றில் இரண்டு பங்கு வரும் வாரத்துக்கு. நடந்ததைப் பிள்ளையே வீட்டில் சொல்லிவிடும். நடக்கப்போவதை எந்தப் பிள்ளையும் சரியாகச் சொல்லாது. தாளின் தலைப்பகுதியில் கட்டம் கட்டி, "கொண்டுவர வேண்டியவை" என்று மூன்று வரிக்கு மிகாமல் போடுங்கள். அதற்குக் கீழே சனி முதல் அடுத்த வெள்ளி வரை நாள்வாரியாக. நடந்த செய்திக்கு நாலைந்து வரி. மறைக்கல்வி (கத்தோலிக்க சமயப் பாடம்) மூலைக்கு நாலு வரி. தாளாளரின் செய்தி என்று அரைப்பக்கம் வந்தால் ஆண்டு மலருக்கு எடுத்துவைத்துக்கொள்கிறோம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு செய்தியை எழுதும் விதம் இது. "முதல் வெள்ளித் திருப்பலி சிறப்பாக நடைபெறும், பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்பவும்" என்று எழுதினால் 20 பெற்றோர் போன் செய்வார்கள். இப்படி எழுதுங்கள்:

"ஜூலை 3, வெள்ளி, காலை 9.30. பங்குக் கோவிலில் திருப்பலி. 3, 4, 5-ஆம் வகுப்புக் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும். வழக்கமான சீருடை போதும். மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு. காலை உணவை 8.50-க்குள் முடித்துவிட வேண்டும். 10.30-க்கு எல்லாரும் வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள்."

யார், எங்கே, எப்போது, என்ன உடை, என்ன சாப்பாடு, எப்போது திரும்புவார்கள். ஆறும் இருந்தால் போன் வராது.

தாள் செலவு: 140 குடும்பம், 40 வாரம் என்றால் 5,600 தாள். 500 தாள் கட்டு 12 வேண்டும். வீட்டுக்கு ஒன்று கணக்கில் கடைசிப் பிள்ளையிடம் கொடுங்கள். மூத்தது ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனாலும் பட்டியலை மாற்ற வேண்டியிருக்காது.

குருத்தோலை

திருப்பலி, உணவு, சம்மதம் மூன்றுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் சம்மதம். அரசமைப்புச் சட்டம் 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் சமய போதனைக்கும் வழிபாட்டுக்கும் பிள்ளையை உட்படுத்தப் பெற்றோரின் இசைவு வேண்டும். சிறுபான்மைப் பள்ளி என்பதால் 30-ஆவது பிரிவு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது பள்ளியை நிறுவி நடத்தும் உரிமை, இசைவுக்கு மாற்று இல்லை. ஜூனில் சேர்க்கைப் படிவத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். மடலில் "அனைத்து மாணவர்களும் திருப்பலியில் பங்கேற்பர்" என்ற வரி ஒருநாளும் வரக்கூடாது. மறைக்கல்வி நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதையும் அதே அளவில் எழுத வேண்டும். அவர்களைச் சும்மா உட்காரவைக்கிறார்கள் என்ற பேச்சுதான் உண்மையில் நெருடுவது.

அடுத்து உணவு. நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணக்கூடாது; தண்ணீரும் மருந்தும் விலக்கு. பலர் இதைத் திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். நற்கருணை கொடுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 9.30-க்குத் தொடங்கினால் நற்கருணை 10.05 வாக்கில் வரும். ஆக 9 மணிக்குள் சாப்பிட்டு முடித்தால் சரி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் தொடங்கிவைத்ததே ஓர் உதவிபெறும் பள்ளியில்தான். அந்த உணவைத் தவிர்க்கச் சொல்லி வெறும் வயிற்றில் கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டியதே இல்லை. நின்றுகொண்டிருக்கும்போது நற்செய்தி நேரத்தில் மயங்கி விழும் பிள்ளை பெரும்பாலும் சாப்பிடாமல் வந்ததுதான். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்காத பிள்ளைக்கு இந்த ஒரு மணி நேரக் கணக்கும் கிடையாது.

நேரம் நீளாமல் இருக்க, சிறுவர் திருப்பலிக்கென்று 1973 நவம்பர் 1-இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. வாசகங்களைக் குறைக்கலாம், நற்செய்தியை மட்டும் விடக்கூடாது. சாமிக்குச் சிறுவர்களிடம் பேச வரவில்லை என்றால், பங்குத்தந்தையின் இசைவோடு வேறொரு பெரியவர் நற்செய்திக்குப் பின் பேசலாம். மன்றாட்டு நாலு போதும். வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒத்திகை வகுப்பறையில் வேண்டாம். கோவிலில் அந்த மைக் முன்னால் வையுங்கள். மைக் பெரியவர் உயரத்துக்கு நிற்கும், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் குரல் அதற்குக் கீழேயே போய்விடும். ஒரு மணைப்பலகை போட்டால் தீர்ந்தது.

முதல் வெள்ளிகளை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை 3 புனித தோமையார் விழாவும் கூட, எனவே திருப்பலி ஒன்றே போதும். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி விடுமுறை. முந்தின நாள் வியாழன், குழந்தை தெரசாள் விழா, அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம். 2027 ஜனவரி 1 புத்தாண்டு, பள்ளியே கிடையாது. இதைப் பார்க்காமல் எல்லா முதல் வெள்ளிக்கும் ஒரே அறிவிப்பை நகலெடுத்தால் விடுமுறை நாளில் திருப்பலி என்று அச்சாகும்.

பக்கம்_நாலு

தட்டச்சு, படம் பற்றி.

பள்ளி அலுவலகக் கணினியில் வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துரு இருக்கும். அதில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குதறிக்கொண்டு வரும். முதல் நாளிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். எழுத்து 13 அல்லது 14 புள்ளி, வரிக்கு வரி 1.3 இடைவெளி, அதற்குக் குறைந்தால் பாட்டிகள் படிக்க மாட்டார்கள். இடம் போதவில்லையென்றால் செய்தியைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் பாதிப்பேர் திறக்கவே மாட்டார்கள். படக்கோப்பாகவும் அனுப்புங்கள். தலைக்கட்டத்தில் உள்ள மூன்று வரியைத் தனிச்செய்தியாகத் தட்டச்சு செய்து போடுங்கள். அதோடு அந்த மூன்று வரியை ஒருவர் நிதானமாக வாசித்து ஒரு நிமிடக் குரல்பதிவு. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு மடல் என்பதே அந்தக் குரல்பதிவுதான். குழுவில் நிர்வாகி மட்டும் பதிவிடும்படி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே மடல் புதைந்துபோகும்.

படம்: நகல் இயந்திரத்தில் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் படம் கறுப்புத் திட்டாகத்தான் வரும். அச்சுத் தாளில் பிள்ளைகள் வரைந்த கோட்டோவியம் போடுங்கள். பென்சில் கோடு நகலில் விழாது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வரையச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பதிப்பில் புகைப்படம் போடலாம், ஆனால் ஜூனில் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிய பிள்ளைகளை மட்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள்தான், பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். முகத்துக்குக் கீழே முழுப்பெயர் வேண்டாம். "நான்காம் வகுப்பு மாணவிகள்" போதும்.

கூட்டுமணி சொன்ன கடைசிப் பிள்ளைக் கணக்கு எனக்கு ஒத்துவராது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுத்த தாள் வாசலைத் தாண்டுமுன் ராக்கெட் ஆகிவிடும். மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். பட்டியலை ஆண்டுக்கு ஒரு தடவை திருத்துவது பெரிய வேலையில்லை.

சிலேட்டுக்குச்சி

மிக்க நன்றி. இன்னும் இரண்டு. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூசும்போது இந்துப் பிள்ளைகளும் வரிசையில் வந்து நிற்பார்களாம், கொடுக்கலாமா? தவக்கால வெள்ளியில் சத்துணவு முட்டை வேண்டாம் என்று சில வீட்டார் சொல்கிறார்களாம், மடலில் என்ன எழுதுவது?

குருத்தோலை

சாம்பல், நற்கருணை போலத் திருவருட்சாதனம் (திருச்சபையின் ஏழு அருட்சடங்குகளில் ஒன்று) இல்லை. திருமுழுக்குப் பெறாதவரும் பெறலாம். ஆனாலும் பள்ளியில் நடக்கும்போது இசைவுத் தாளில் அதற்குத் தனி வரி இருக்கட்டும். பிள்ளை ஆசைப்பட்டு நிற்பது வேறு, வீட்டார் இசைவது வேறு.

2027-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. சென்ற குருத்து ஞாயிறின் (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) ஓலைகளை எரித்துத்தான் சாம்பல் எடுப்பார்கள், எனவே "வீட்டில் உள்ள பழைய குருத்தோலைச் சிலுவையைக் கொடுத்துவிடுங்கள்" என்ற அறிவிப்பு ஜனவரி 28 மடலில் வர வேண்டும். ஓலையில் சுற்றிய பிளாஸ்டிக் ரிப்பன், குண்டூசி எல்லாம் முதலில் கழற்றவும். திறந்த வெளியில் இரும்புச் சட்டியில் பெரியவர்கள் எரித்து, நன்றாக ஆறியபின் பொடித்து, டீ வடிகட்டியிலும் பிறகு மெல்லிய துணியிலும் சலிக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டிச் சாம்பல் உங்கள் பிள்ளைகளுக்குத் தாராளம். தண்ணீர் விட்டுக் குழைக்கவே கூடாது. சாம்பலோடு தண்ணீர் சேர்ந்தால் காரமாகி நெற்றி எரியும், சிலருக்குக் கொப்புளமே வரும். உலர்ந்தபடி தலையில் தூவலாம், அல்லது துளித் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூசலாம்.

முட்டை விஷயம் எளிது. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. முட்டை, பால், மீன் அதில் சேராது. அந்தக் கடமையும் 14 வயது நிறைந்தவர்களுக்குத்தான். ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 வயதிலிருந்து. தொடக்கப்பள்ளிப் பிள்ளை எதற்கும் கட்டுப்பட்டதல்ல. மடலில் "வெள்ளிக்கிழமையும் முட்டை வழக்கம்போல் உண்டு, முட்டை சுத்தபோசனத்துக்கு விலக்கல்ல" என்று ஒரே வரி. வீட்டு வழக்கமாக வேண்டாம் என்பவர்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லட்டும், வற்புறுத்த வேண்டாம்.

அதற்குப் பதில் தவக்காலத்தில் பிள்ளைகள் செய்ய பிடியரிசி வையுங்கள். வெள்ளிதோறும் வீட்டிலிருந்து ஒரு பிடி. சின்னக் கை 30 கிராம் பிடித்தால் 184 பேருக்கு ஐந்தரைக் கிலோ. ஐந்தாம் வகுப்பு எடைபோட்டு மடலுக்கு எண்ணிக்கை தரட்டும், கணக்குப் பாடமும் ஆயிற்று. பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் தனித்தனி டப்பா. கலந்துவிட்டால் ஒன்றாக வேகாது, வாங்குகிறவர்களுக்குத்தான் தொல்லை. இதில் எந்தச் சமயத்துப் பிள்ளையும் சேரலாம்.

அக்டோபர் செபமாலைக்கும் இதே போல ஒரு சிக்கனம்: நாளைக்கு ஒரு மறைபொருள் (தியானிக்கும் நிகழ்வு), அதாவது மாலையின் பத்து மணிகள் மட்டும், நாலு நிமிடம். திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து. 2002-இல் ஒளி நிறை மறைபொருள்கள் சேர்ந்தபின் மொத்தம் 20 அல்லவா, நாலு வாரத்தில் முடியும். விடுமுறையில் விழுவதை மறுநாள் சேர்த்துக்கொள்ளலாம்.

கூட்டுமணி

மூத்த பிள்ளை, கடைசிப் பிள்ளை விவகாரத்தில் பக்கம்_நாலு சொல்வதில் நியாயம் இருக்கிறது. 3-ஆம் வகுப்புக்கு மேல் ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் அதனிடம். இல்லாத வீட்டில் பின்செய்து பைக்குள் ஆசிரியரே வைத்துவிடட்டும்.

நான் மேலே எழுதிய மாதிரியில் ஒரு விஷயம் விட்டுப்போனது. ஜூலை 3 திருப்பலிச் செய்தியை ஜூலை 2 வியாழன் மடலில் போட்டால் ஒருநாள்கூட இடைவெளி இருக்காது. அது ஜூன் 25 மடலில் போக வேண்டியது. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி எதுவானாலும் முந்தின வார மடலில் வந்தாயிற்றா என்று புதன்கிழமை தட்டச்சின்போதே பார்த்துவிடுங்கள்.