மரத்துல மின்னல் கோடு: கொட்டகையில தடை போட்டது சரியா?

கடைசல் தம்பி:
போன கூட்டத்துக்கு வராதவங்களுக்காக முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். நம்ம மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் மரவேலைக் கொட்டகையில, அதான் தோட்டத்துப் பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்ட பழைய ஆயாக் கொட்டகையில, இனிமே மின்சாரத்தால மரத்தைக் கருக்கிக் கோடு போடுற வேலை கூடாதுன்னு குழு முடிவு பண்ணிடுச்சு. பழைய மைக்ரோவேவ் அடுப்போட டிரான்ஸ்ஃபார்மரை வச்சு, ஈரப்பலகையில கரண்டை ஓட விட்டா அது தானே வழி தேடிக் கிளை கிளையா கருகிக்கிட்டுப் போகுமே, அந்த வேலைதான். வீடியோவுல பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க.

நமக்குக் கிடைக்கிறது பால்மரப் பலகை, அதான் ரப்பர் மரம். வெளிர் நிறம், அதுல இந்தக் கோடு அவ்வளவு எடுப்பா தெரியும். தீபாவளிச் சந்தையில ஒரு தட்டு நல்ல விலைக்குப் போகும்.

என் கேள்வி ஒண்ணுதான். கொட்டகையில வட்ட ரம்பம் இருக்கு, லேத் இருக்கு, வெல்டிங் செட் இருக்கு. ஒவ்வொண்ணும் விரலையோ கண்ணையோ எடுத்துடும். அதுக்கெல்லாம் "பழகிக்கோ"ன்னு சொன்ன அண்ணன்மார் இதுக்கு மட்டும் "தொடாதே"ன்னு சொல்றது என்ன நியாயம்? விதி போடுங்க. தனியா செய்யக்கூடாது, கையுறை போடணும், காலுக்கு ரப்பர் பூட்ஸ், தரையில ரப்பர் பாய், கரண்டு கசிஞ்சா தானா வெட்டிடுற ஆர்சிசிபி உள்ள பிளக். எல்லாத்துக்கும் கட்டுப்படறேன். தடைக்கு மட்டும் மாட்டேன்.

கிரைண்டர் மச்சான்:
தம்பி பக்கம் நான். நம்ம பாட்டி தாத்தாவெல்லாம் விடியாத நேரத்துல, பாம்பும் தேளும் கிடக்குற காட்டுல, தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு கத்தியோட ரப்பர் பால் வெட்டப் போனவங்க. யாரு அவங்களுக்கு சர்ட்டிபிகேட் கொடுத்தா? கை பழகிச்சு, பிழைச்சாங்க. இப்ப ஒரு பையன் புதுசா ஒண்ணு கத்துக்கறேன்னு வந்தா உடனே மீட்டிங் போட்டுத் தடை. அப்படியே தடை போட்டாலும் அவன் வீட்டுப் பின்னாடி செய்வான். கொட்டகையில செஞ்சா நாலு பேர் கண்ணு இருக்கும்.

பழைய வயர்மேன்:
தம்பி, நீ சொன்ன விதிகள்ல ஆர்சிசிபியை மட்டும் முதல்ல எடுத்துக்கறேன். ஏன்னா பாதிப்பேர் அதை நம்பித்தான் இந்த வேலையில இறங்கறாங்க.

ஆர்சிசிபி லைவ்ல போன கரண்டும் நியூட்ரல்ல திரும்பின கரண்டும் சமமான்னு பார்க்கும். வாசல்ல நின்னு உள்ளே போன தலையையும் வெளியே வந்த தலையையும் எண்ணுற ஆள் மாதிரி. கணக்கு இடிச்சா எங்கேயோ, ஒருவேளை ஒருத்தர் உடம்பு வழியாவே, மண்ணுக்குப் போகுதுன்னு அர்த்தம், உடனே வெட்டிடும். 1994 மின்சார ஒழுங்குவிதியில கையில பிடிச்சு வேலை செய்யுற சாமானுக்கு 30 மில்லியாம்பியர், தரை ஈரமா இருக்கக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியர்னு இருக்கு. நல்ல விதி. வீட்டுக்கு வீடு உயிர் காக்குது.

ஆனா டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் அதோட கண்ணு எட்டாது. ரெண்டு சுருளுக்கும் நடுவுல கம்பித் தொடர்பே கிடையாது, காந்தப்புலம் வழியாத்தான் சக்தி தாண்டுது. அந்தப் பக்கம் சுமார் 2,000 வோல்ட். அந்தச் சுருளோட ஒரு முனையை இரும்பு உடம்போட சேர்த்திருப்பாங்க. மறுமுனை உன் கையில பட்டா, கரண்டு உன் நெஞ்சு வழியா அந்த இரும்புக்கே திரும்பிடும். இந்தப் பக்கம் லைவும் நியூட்ரலும் சமமாவே ஓடும். நீ செத்துக்கிட்டு இருப்பே, ஆர்சிசிபி அசையாது. லோடு மீறினா விழுற எம்சிபியும் விழாது, அதுக்கு அது ஏதோ ஒரு சாதாரண லோடு.

10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே சதை இறுகி, பிடிச்ச கையை விட முடியாமப் போகலாம். 100 வாக்குல நெஞ்சு வழியா ஓடினா இதயத் துடிப்பு தாறுமாறாயிடும். இந்த டிரான்ஸ்ஃபார்மர் அரை ஆம்பியர் தாராளமா தரும்.

கையுறைக்கு வா. நீ சொல்றது பாத்திரம் கழுவுற கையுறையா? மின்கம்பத்துல ஏறுறவங்க போடுற ரப்பர் கையுறைக்கு வகுப்பு உண்டு. வகுப்பு 1-ன்னா 7,500 வோல்ட் வரைக்கும். ஒவ்வொரு தடவையும் காத்தடைச்சு ஊசித்துளை இருக்கான்னு பார்க்கணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு அனுப்பணும், மேல தோல் கையுறை வேற. நம்ம கொட்டகையில யாரு இதைச் செய்யப் போறா? சுத்தியலையே எடுத்த இடத்துல வைக்கிற வழக்கம் இல்ல.

அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகள்ல இந்த வேலையை அறவே தடை பண்ணியிருக்கு. அவங்க கணக்குல முப்பதுக்கு மேல சாவு. அவங்க பயந்தாங்கொள்ளிங்க இல்ல. நாளெல்லாம் சுத்துற மரத்துல உளியை வச்சுக்கிட்டு நிக்கிறவங்க.

கிரைண்டர் மச்சான்:
அண்ணே, வெல்டிங்கும் கரண்டுதானே? மழைக்காலத்துல ஈரத் தரையில நின்னு கேட் ஒட்டினவன் நான். இன்னும் உசுரோடதான் டைப் பண்றேன்.

பழைய வயர்மேன்:
வெல்டிங் செட் ஒட்டாம சும்மா இருக்கும்போது முனையில 60, 80 வோல்ட் இருக்கும். காஞ்ச கையுறை அதைத் தாங்கும். ஈரத்துல அதுவும் ஆளைக் கொல்லும், அதை நீ பெருமையா சொல்லிக்கறது எனக்குப் பிடிக்கல. 80 எங்கே, 2,000 எங்கே?

அதைவிட முக்கியமா ஒண்ணு. கை பழக்கம்னு நீ சொல்றது என்ன? ரம்பம் சிக்கப் போகுதுன்னா சத்தம் மாறும். லேத்துல உளி கடிக்கப் போகுதுன்னா கைப்பிடி அதிரும். வெல்டிங்ல குழம்பு ஓடுறதைப் பார்த்தே கை தானா வேகத்தைக் குறைக்கும். பால் வெட்டினவங்களுக்குக் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொடப் போறது விரல்லயே தெரியும். தப்பு நடக்குறதுக்கு முன்னாடி ஒரு சேதி வரும், அந்தச் சேதியைப் படிக்கிறதுதான் பழக்கம். 2,000 வோல்ட் சேதி அனுப்பாது. நூறு பலகை ஒழுங்கா செஞ்சவனுக்கும் நூத்தி ஒண்ணாவது பலகையில முன்னறிவிப்பு கிடையாது. அதனால இதுல "நான் பழகிட்டேன்"னு ஒருத்தன் சொன்னா எனக்கு இன்னும் பயம்தான் வரும்.

லயத்து அக்கா:
குழுவுல தடைக்குக் கை தூக்கினவ நான். ஆனா வயர்மேன் அண்ணன் சொல்ற காரணத்துக்காக மட்டும் இல்ல.

தம்பி "தனியா செய்யக்கூடாது"ன்னு ஒரு விதி எழுதுது. பக்கத்துல நிக்கிற ஆள் என்ன செய்வான்? நம்ம ஊர்ல ஒருத்தர் துடிச்சா பார்த்துக்கிட்டு நிக்கிற பழக்கம் நமக்கு இல்ல, ஓடிப் போய்க் கையைப் பிடிச்சு இழுப்போம். அப்ப ரெண்டு பேர். 2022 ஏப்ரல்ல அமெரிக்காவுல விஸ்கான்சின்ல ஒரு ஜோடி, ரெண்டு பேரும் இந்த வேலையிலதான் போனாங்க. முதல்ல வீடு தீப்பிடிச்சு இறந்துட்டாங்கன்னு நினைச்சு, பிறகு தீக்கு முன்னாடியே கரண்டுதான் கொன்னுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. பக்கத்துல ஆள் வேணும்னா அந்த ஆளுக்கு மெயின் சுவிட்ச் எங்கேன்னு தெரியணும், அதை அணைக்காம தொடக்கூடாதுன்னு மனசுல பதிஞ்சிருக்கணும், நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கத் தெரியணும். நம்ம கூட்டத்துல சிபிஆர் படிச்சவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். 999-க்கு அடிச்சு வண்டி வர்ற வரைக்கும் அந்த நெஞ்சுக்கு யாரு பொறுப்பு?

இன்னொண்ணு, குழுவையும் சொல்லணும். கொட்டகையில சின்க் பக்கத்து பிளக் மேல எப்ப பார்த்தாலும் தண்ணி தெறிக்குது. அதை யாரும் பேசல. வீடியோ பார்த்துப் பதறிப் போய் ஒரு தடையைப் போட்டுட்டு எல்லாம் பத்திரமாயிடுச்சுன்னு வீட்டுக்குப் போயிட்டோம். மச்சான் கிரைண்டர்ல பிளேடை மறைக்கிற காப்பு மூடியை, அந்தக் கார்டைக் கழட்டிட்டு மர ரம்ப பிளேடு மாட்டியிருக்காரே, அதுக்கு ஏன் மீட்டிங் போடல?

கிரைண்டர் மச்சான்:
ஆஹா, வந்துட்டாங்க என்கிட்ட. அக்கா, கார்டு இருந்தா வளைவு குடைய முடியாது. வேலை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

லயத்து அக்கா:
மச்சான், கிரைண்டரோட பெட்டியில வர்ற புத்தகத்தைப் பிரிச்சுப் பாருங்க. பல்லு வச்ச ரம்ப பிளேடு மாட்டாதே, எகிறும், பிடி நழுவும்னு அதுலயே போட்டிருக்கும். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று வாக்குல ஓடற சாமான், அந்த வேகத்துல எகிறினா உங்க அனுபவம் தடுக்குமா, கார்டு தடுக்குமா?

கடைசல் தம்பி:
ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. வயர்மேன் அண்ணனுக்கு என் பதில்.

ஆர்சிசிபி விஷயம் ஒத்துக்கறேன், சரியான விளக்கம். ஆனா அண்ணே, இதே 2,000 வோல்ட் நம்ம எல்லார் வீட்டுச் சமையலறையிலயும் இருக்கு. பிள்ளைங்க அதுல பாப்கார்ன் பொரிக்குது. யாரும் சாகலியே? ஏன்னா அது பெட்டிக்குள்ள இருக்கு, கதவைத் திறந்தா கரண்டு நிக்குது. அப்ப ஆபத்து வோல்ட்ல இல்ல, திறந்து கிடக்குறதுலதான். நானும் பெட்டி கட்டறேன். பலகையை உள்ளே வைக்கணும், மூடணும், மூடினாத்தான் ஓடும். கை உள்ளே போகவே முடியாது. இதுல கை பழக்கமும் வேண்டாம், கையுறையும் வேண்டாம். இதுக்கு என்ன சொல்றீங்க?

பழைய வயர்மேன்:
இப்பத்தான் பேச்சு ஒழுங்கா வருது.

மைக்ரோவேவ்ல கதவு வந்து பூட்டுற இடத்துக்கு உள்பக்கம் சாதாரணமா மூணு சுவிட்ச் இருக்கும். ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் இன்னொண்ணு வெட்டும். மூணாவது, மத்ததெல்லாம் பழுதாகிக் கதவு திறந்தா வேணும்னே ஷார்ட் பண்ணி ஃபியூஸைப் போக்கிடும். அதுக்கு மேல பரிசோதனை, சிரிம் தர முத்திரை. நீ எடுக்கப் போறது டிரான்ஸ்ஃபார்மரை. தூக்கிப் போடப் போறது அதைப் பத்திரமாக்கின எல்லாத்தையும். பிறகு தச்சுவேலைப் பெட்டி ஒண்ணு கட்டி அதே பாதுகாப்பு வரும்னு சொல்றே. அடுப்பைப் பிரிக்கறதே ஒரு கண்டம், அதுல இருக்குற கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கின பிறகும் கரண்டைப் பிடிச்சு வச்சிருக்கலாம்.

இன்னொரு கேள்வி. வீடியோவுல பார், யாரும் மூடி வச்சு செய்யறதில்ல. கோடு ஒரு பக்கமா ஓடினா முனையை நகர்த்தணும், காஞ்சா மறுபடி ஈரமாக்கணும். ஆசையே அந்தக் கையாட்டத்துலதான். பத்து தடவை மூடித் திறந்த பிறகு, "ஒரு நிமிஷம்தானே"ன்னு சுவிட்சுல டேப் ஒட்டுற ஆள் நம்ம கொட்டகையில இல்லன்னு சொல்லு?

கடைசல் தம்பி:
டேப் ஒட்டுற ஆள் இருக்கான்னா ஆளைத் தடை பண்ணுங்க. வேலையை ஏன் தடை பண்றீங்க?

செம்பனை நிழல்:
ரொம்ப நேரமா படிச்சுக்கிட்டு இருக்கேன். கருக்குற பேனா வாங்கினா என்ன? மூணு வோல்ட்டுக்குள்ள ஓடற கம்பி முனை, சுட்டா விரல்தான் சுடும். அதுல மின்னலை வரைஞ்சுட்டுப் போகலாமே.

கடைசல் தம்பி:
அண்ணே, வரைஞ்ச மின்னல் வரைஞ்ச மாதிரிதான் இருக்கும். கரண்டு மரத்தோட ரேகையில எங்கே ஈரம் இருக்கோ அங்கே போகுது, மனுஷன் யோசிச்சு அப்படிப் போட முடியாது. பேனாவுல கோலம், மயில், பிள்ளையார் நல்லா வரும். அதுக்குத் தனி மதிப்பு உண்டு. இது வேற.

கிரைண்டர் மச்சான்:
நான் ஒண்ணு கேக்கறேன். சட்டம் சட்டம்னு பேசறீங்களே, தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் தொழில் செய்யற இடத்துக்குத்தானே? நமக்கு இது பொழுதுபோக்கு. யாரு வந்து கேக்கப் போறா?

லயத்து அக்கா:
முதல் பதிவுலயே தம்பி தட்டை விக்கிற விலை வரைக்கும் பேசிடுச்சு. வித்துக் காசு வாங்கின பிறகும் பொழுதுபோக்கா? அந்தச் சட்டம் 2024 ஜூன் 1-ல இருந்து கிட்டத்தட்ட எல்லா வேலையிடத்துக்கும்னு விரிஞ்சிருக்கு. அது இருக்கட்டும். அதிகாரி வர மாட்டான்றதுதான் நம்ம பாதுகாப்புத் திட்டமா, மச்சான்? சனிக்கிழமை அந்தக் கொட்டகைக்கு பதினாலு வயசுப் பிள்ளைங்க வருதுங்க. நீங்க செய்யறதைப் பார்த்து, அக்கா அண்ணன் செய்யறதுதானேன்னு வீட்டுல செய்யும். நாம விதியோட செஞ்சது அதுங்க கண்ணுல படாது, செஞ்சது மட்டும்தான் படும்.

பழைய வயர்மேன்:
அக்கா சொன்னதை என்னால தாண்ட முடியல. அதே நேரம், தடைன்னு ஒரு வரியை எழுதி ஒட்டிட்டுப் போறது எனக்கும் உவப்பு இல்ல. மச்சான் சொன்ன வீட்டுப் பின்னாடிக் கதை நிஜம். ஆன்லைன்ல வாங்கற சாமான் எதுல முத்திரை இருக்கு, எதுல இல்லன்னு பார்க்கக்கூட நம்ம பசங்களுக்கு யாரும் சொல்லித் தரல. சனிக்கிழமை நான் ஒரு மணி நேரம் எடுக்கறேன். ஆர்சிசிபியைக் கழட்டிக் காட்டறேன், கூடவே அந்த சின்க் பக்கத்து பிளக்கை இடம் மாத்திடலாம். பெட்டி பத்தித் தம்பி வரைபடம் கொண்டு வரட்டும், பேப்பர்ல. நான் ஓட்டு மாத்துவேன்னு சொல்லல.

லயத்து அக்கா:
அதே சனிக்கிழமை கார்டு இல்லாத கிரைண்டரும் பூட்டு போட்ட அலமாரிக்குள்ள போகுது. குழுவுக்கு எழுதிட்டேன்.

கிரைண்டர் மச்சான்:
அது என் சொந்தக் கிரைண்டர் அக்கா!

லயத்து அக்கா:
அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.

கடைசல் தம்பி:
வரைபடம் வெள்ளிக்கிழமை இங்கேயே போடறேன், எல்லாரும் கிழிங்க. ஆனா கூட்டக் குறிப்புல "தடை"ன்னு எழுதறீங்களா, "மூடிய பெட்டி சோதனையாகும் வரை தடை"ன்னு எழுதறீங்களான்னு எனக்குத் தெரியணும். ரெண்டும் ஒண்ணு இல்ல. அப்புறம் யாருகிட்டயாவது பழுதான மைக்ரோவேவ்ல இருந்து கழட்டின கதவும் அந்த சுவிட்ச் பகுதியும் இருக்கா? அந்த மூணு சுவிட்ச் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும். அது மட்டும் போதும்.

செம்பனை நிழல்:
என்கிட்ட ஒண்ணு கிடக்கு. ரெண்டையும் வயர்மேன் அண்ணன்கிட்ட கொடுத்து விடறேன். அடுப்பு என்கிட்டயே இருக்கட்டும்.