மின்டில் வைஃபை வரவே இல்லை, ஃபோர்ஜி ரவுட்டர் வாங்கியாச்சு, உதவுங்கள்

பொகவந்தலாவைப்_பையன்:
வணக்கம். வீடு பொகவந்தலாவைப் பக்கம், தோட்ட லயம். தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள், அவளுக்காகப் பழைய டெல் மடிக்கணினி ஒன்று எடுத்தோம். விண்டோஸ் அதில் நகரவே இல்லை என்று அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்டேன், நன்றாக ஓடுகிறது. போன கிழமை ஃபோர்ஜி ரவுட்டரும் வாங்கியாச்சு. போன்களில் இன்டர்நெட் வருகிறது, மடிக்கணினியில் மட்டும் வைஃபை அடையாளமே இல்லை. ரவுட்டர் வாங்கிய கடையில் கேட்டால் லினக்ஸுக்கு இந்த கனெக்‌ஷன் சரிவராதாம், விண்டோஸே போடச் சொல்கிறார்கள். உண்மையா? வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும், இதிலேயே இரண்டு நாளாக நிற்கிறேன். லேன் கேபிளும் கையில் இல்லை.

ஹட்டன்_லினக்ஸ்:
தம்பி, விண்டோஸ் திரும்பப் போட வேண்டாம், கடையில் சொன்னது பிழை. சிம், ஏபிஎன் (சிம் கம்பெனியின் இன்டர்நெட் செட்டிங்) எல்லாம் ரவுட்டருக்குள் இருக்கிற விஷயம். ரவுட்டர் டிஎச்சிபி என்ற முறையில் தானாகவே ஒரு ஐபி முகவரி கொடுக்கும், அதை வாங்கிக்கொள்ள மின்டுக்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. பழைய டெலிபோன் லைன் மோடத்தை பிரிட்ஜ் முறையில் (மோடம் லொகின் செய்யாமல் அதைக் கணினியிடம் விடும் முறை) வைத்திருந்தால்தான் கணினியில் பிபிபிஓஇ என்ற லொகினுக்கான பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டி வரும், உங்களுக்கு அது இல்லை.

முதலில் மடிக்கணினியின் பக்கவாட்டைப் பாருங்கள், பழைய டெல் சிலவற்றில் வைஃபைக்கென்று சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். அது ஓனில் இருந்தும் வரவில்லை என்றால் அனேகமாக உள்ளே இருப்பது பிராட்காம் கம்பெனியின் வைஃபை கார்டுதான். அதற்குப் பல நேரம் கம்பெனியின் மூடிய (நிரலை வெளியிடாத) டிரைவர் தேவைப்படும், மின்ட் அதைத் தானாகப் போடாது.

கேபிள் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் வைத்துக்கொண்டே சார்ஜர் வயரால் மடிக்கணினியில் செருகி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் (போனின் இன்டர்நெட்டை வயரில் பகிர்வது) போடுங்கள். மின்ட் அதை வயர் கனெக்‌ஷனாக எடுக்கும், போன் டேட்டாவும் போகாது. அப்புறம் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து பிராட்காம் வரியைத் தேர்ந்து, முடிந்ததும் ரீஸ்டார்ட். அதுவும் முடியாவிட்டால் மின்ட் போட்ட அதே யூஎஸ்பியைச் செருகுங்கள், அதிலேயே அந்த டிரைவர் இருக்கிறது.

பொகவந்தலாவைப்_பையன்:
அண்ணா, வந்துவிட்டது! பிராட்காம்தான். ஆனால் ரவுட்டர் காட்டும் இரண்டு பெயரில் ஒன்றுதான் மடிக்கணினியில் தெரிகிறது. வேகமும் குறைவு, தங்கச்சியின் ஸூம் வகுப்பு நின்று நின்று போகிறது.

நுவரெலியா_டீச்சர்:
தெரியாதது 5 கிகாஹெர்ட்ஸ் பெயராக இருக்கும், பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் பிடிபடும். வகுப்புக்கு அதுவே போதும்.

வேகத்துக்கு ரவுட்டர் வைத்த இடத்தைப் பாருங்கள் தம்பி. தகரக் கூரைக்குக் கீழே, நடு அறையில் என்றால் சிக்னல் உள்ளே வரப் படாத பாடு படும். நம் பக்கம் டவர் கிட்டத்தில் இருந்தாலும் நடுவில் ஒரு மேடு வந்தால் போச்சு. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் போட்டு ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னலின் வலு) என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90க்குப் பக்கம் என்றால் நல்லது, மைனஸ் 110ஐவிடக் கீழே போனால் வகுப்பு ஓடாது. ஒவ்வொரு ஜன்னலாக வைத்து, இரண்டு நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அடுப்படி ஜன்னலுக்கு மாற்றியதும்தான் நான் படிப்பிக்கும் பிள்ளைகள் ஒழுங்காக வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள்.

இன்னொன்று, ஏப்ரல், ஒக்டோபர் பக்கம் பின்னேரத்தில் இடி தொடங்கினால் ரவுட்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

ஹட்டன்_லினக்ஸ்:
டீச்சர் சொன்னது சரி. கூடவே, அந்த வைஃபையை மின்டில் மீட்டர்ட் (டேட்டா அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டியது) என்று குறித்து வையுங்கள், அப்டேட் மேனேஜரில் தானாக அப்டேட் ஆவதும் ஓஃபில் இருக்கட்டும். இரவு டேட்டா உள்ள பேக்கேஜ் என்றால் அந்த நேரத்தில் நீங்களே அப்டேட் போடலாம், பகல் டேட்டா முழுக்க வகுப்புக்கு மிஞ்சும்.

பொகவந்தலாவைப்_பையன்:
முன் ஜன்னலில் மைனஸ் 112, தோட்டப் பக்கத்து ஜன்னலில் மைனஸ் 94. அங்கேயே பலகை அடித்து வைத்துவிட்டேன். இன்று கணித வகுப்பு ஒரு தடவையும் நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.