ஐஸ் பிளான்ட்டுக்கு வரிச்சலுகை வாங்கித் தாரேன்னு ஒரு கன்சல்டன்ட் வந்திருக்காரு, கையெழுத்து போடலாமா?

குளச்சல் ஐஸ்:
எல்லாருக்கும் வணக்கம். குளச்சல் பக்கம் எங்களுக்கு ஒரு ஐஸ் பிளான்ட் உண்டு, அப்பா ஆரம்பிச்சது, இப்ப நானும் தம்பியும் பார்ட்னர்ஷிப்ல நடத்துதோம். கரண்டு பில்லுதான் ஆளை முடிக்குது, மீன்பாடு இல்லாத மாசம்கூட பிரைன் டேங்க்கை, அதான் ஐஸ் உறைய வைக்குற உப்புத்தண்ணி தொட்டியை, சும்மா போட முடியாதுல்லா. சோலார் வச்சு, கம்ப்ரசர் மோட்டாருக்கு விஎஃப்டி, அதாவது லோடுக்கு ஏத்தமாதிரி மோட்டார் வேகத்தை கூட்டிக் குறைக்குற கருவி, மாட்டலாம்னு இருக்கோம், எல்லாம் சேத்து 20 லட்சம் வரும். இதுக்கெடையில போன வாரம் ஒருத்தரு வந்தாரு, ஆராய்ச்சிக்கும் மின்சார சிக்கனத்துக்கும் வரிச்சலுகை வாங்கிக் குடுக்கதுதான் அவரு தொழிலாம். நீங்க ஐஸ் சீக்கிரம் உறையணும்னு உப்புத் தண்ணிய மாத்தி மாத்தி பாத்தியள்லா அதையே ஆராய்ச்சின்னு காட்டி செலவுல 200 சதவீதம் கழிச்சிரலாம், மிச்சமாகுற வரியில 15 சதவீதம் எனக்கு போதும்னு சொல்லுதாரு. பேப்பரை மேசையில வச்சிட்டு போயிருக்காரு. என்ன செய்யலாம்?

பேரேடு நாகர்கோவில்:
அண்ணே தயவுசெஞ்சு கையெழுத்து போட்டிராதீங்க. நான் ஆடிட் ஆபீஸ்ல வேலை பாக்கேன், அந்த 200 சதவீதம் 2017 மார்ச்சோட முடிஞ்ச கதை. அதுக்கப்புறம் 150 ஆச்சு, 2020 மார்ச்சுக்கு மேல வெறும் 100தான், அதாவது செலவு பண்ணினதை செலவா எழுதலாம், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. அந்தக் கூடுதல் சலுகையும் கம்பெனிகளுக்கு மட்டும்தான் இருந்துச்சு, டெல்லியில இருக்க டிஎஸ்ஐஆர், அதாவது மத்திய அரசோட அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை, வந்து உங்க ஆராய்ச்சிக்கூடத்தை அங்கீகரிச்சிருக்கணும். பார்ட்னர்ஷிப்புக்கு அந்தக் கதவே இல்ல. பொய்யா காட்டி பின்னால நோட்டீஸ் வந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான், அவரு 15 சதவீதத்தை வாங்கிட்டு போயிருப்பாரு.

ஆனா சோலார் விஷயத்துல நெசமாவே சலுகை உண்டு. தேய்மானம்னா மெஷின் விலையில வருஷாவருஷம் செலவா எழுதிக்கிடுற பங்கு. சாதாரண மெஷினுக்கு அது வருஷம் 15 சதவீதம், சோலாருக்கும் வருமான வரி விதியில உள்ள லிஸ்ட்ல இருக்க சில மின்சிக்கன கருவிகளுக்கும் 40. 20 லட்சமும் அந்த லிஸ்ட்ல வருதுன்னு வச்சா முதல் வருஷம் 8 லட்சம் கழியும், பார்ட்னர்ஷிப்புக்கு செஸ் சேத்து 31.2 சதவீத வரி, ஆக 2,49,600 ரூபா மிச்சம். சாதாரண 15 சதவீத தேய்மானம்னா 93,600தான் மிச்சமாகும். இது இனாம் இல்லண்ணே, பின்னால வரவேண்டிய கழிவு முன்னாலயே வருது, அவ்வளவுதான், ஆனா லோன் கட்டுற முதல் வருஷத்துல அந்தக் காசு கையில நிக்கது பெரிய விஷயம். செப்டம்பர் முடியும் முன்ன ஓட ஆரம்பிக்கணும், 180 நாளுக்கு குறைஞ்சா அந்த வருஷம் பாதிதான் கிடைக்கும்.

கிளாம்ப் மீட்டர்:
நான் எனர்ஜி ஆடிட், அதாவது கரண்டு எங்க வீணாகுதுன்னு அளந்து பாக்குற வேலை, பண்ணுதவன். வரியை அப்புறம் பாப்போம், முதல்ல கம்ப்ரசர் ரூமுக்கு போங்க. உங்க கம்ப்ரசர் ராத்திரி பகலா ஃபுல் லோடுல ஓடுதுன்னா விஎஃப்டிக்கு அங்க வேலையே இல்ல, காசு வேஸ்ட். நான் ஒரு பிளான்ட்டுக்கு போனப்ப கண்டன்சர் பைப்பு மேல விரல் வச்சு சுரண்டினேன், வெள்ளைக் காறை தகடு தகடா உதிருது, போர் தண்ணியில உள்ள உப்பு. சூடு வெளிய போகாம பிரஷர் ஏறி மோட்டார் இழுக்க வேண்டியதுக்கு மேல ஆம்ப்ஸ் இழுத்துட்டு இருந்துச்சு. ஓனரு அதை விட்டுட்டு சோலார் கொட்டேஷன் மூணு கையில வச்சிருக்காரு. லோடை குறைச்சிட்டு சோலார் சைஸ் பாத்தா பேனலும் குறையும். நாகர்கோவில் கோணத்துல உள்ள மாவட்ட தொழில் மையத்துல பீஸ் (PEACE) திட்டம்னு கேளுங்க, எனர்ஜி ஆடிட் செலவுல 75 சதவீதம், 1 லட்சம் வரைக்கும், அரசு திருப்பித் தருது, மெஷினுக்கும் மானியம் உண்டு. பிஇஇ, அதாவது மத்திய அரசோட மின்சிக்கன அமைப்பு, நடத்துற பரீட்சை எழுதி பாஸான எனர்ஜி ஆடிட்டரா பாத்து கூப்பிடுங்க, மீட்டர் இல்லாம வெறுங்கையோட வாரவரை வாசல்லயே அனுப்பிருங்க.

பேரேடு நாகர்கோவில்:
மேல சொன்னது சரி, ஒண்ணு சேத்துக்கிடுங்க, மெஷினுக்கு மானியம் வாங்கினா அந்தத் தொகையை விலையில கழிச்சிட்டு மிச்சத்துக்குதான் தேய்மானம் போடணும்.

ஆரல்வாய்மொழி:
முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாடியை வரிக்காக வச்சவங்களை நாங்க நிறைய பாத்திருக்கோம். 80 சதவீத தேய்மானம்னு வாங்கினாங்க, 2012ல அதை எடுத்தாங்க, 2014ல திருப்பிக் குடுத்தாங்க, 2017ல 40 ஆக்கினாங்க. எங்க பெரியப்பாவும் ஒண்ணு வச்சாரு. முதல் வருஷ வரியை மட்டும் பாத்தாரு, சர்வீஸ் யாரு பாப்பாங்கன்னு கேக்கல. கியர் பாக்ஸ் போச்சு, வித்த கம்பெனி போன் எடுக்கல, ஆடி மாசம் காத்து அள்ளிட்டு போகும்போது நம்ம காத்தாடி மட்டும் நிக்குது, அவரு ரோட்டுல போகையில அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கவே மாட்டாரு. வரி இல்லாட்டியும் இந்த மெஷினை வாங்குவேனான்னு உங்களையே ஒருதடவை கேளுங்க தம்பி.

குளச்சல் ஐஸ்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேப்பரை திருப்பிக் குடுத்தாச்சு. எங்க ஆடிட்டர்ட்ட போய் உக்காந்து கேட்டேன், அப்பதான் தெரியுது, நாங்க டர்ன் ஓவர்ல 8 சதவீதம் லாபம்னு காட்டுற கணக்குலதான் ரிட்டர்ன் போடுதோமாம், 2 கோடிக்குள்ள இருக்கதால. இதுல 40 சதவீதம் கிடைக்குமா?

பேரேடு நாகர்கோவில்:
கிடைக்காதுண்ணே, அந்த 8க்குள்ளயே தேய்மானமும் அடங்கிருச்சு. தனியா வேணும்னா முறையா புக்ஸ் எழுதணும், அந்தக் கணக்குல இருந்து வெளிய வந்தா 5 வருஷம் திரும்ப உள்ள போக முடியாது. ரெண்டு விதமாவும் 5 வருஷத்துக்கு போட்டுத் தரச்சொல்லி ஆடிட்டர்ட்ட கேளுங்க, அதுக்கு முன்ன அட்வான்ஸ் குடுக்காதீங்க.

குளச்சல் ஐஸ்:
சரி தம்பி, கேக்கேன். கோணத்துக்கு திங்கக்கிழமை போறேன். நாளைக்கு காலையில தண்ணிய நிறுத்திட்டு கண்டன்சர் பைப்பை சுரண்டிப் பாக்கப்போறோம், காறை எவ்வளவுன்னு போட்டோ எடுத்துப் போடுதேன்.