ஒரே வரிக்கு 15, 28, 30, 82: எந்த எழுத்துக் கணக்கு சரி?

பிழைதிருத்தி கேட்டது:

"கொடுத்துக் கொண்டிருந்தார்கள்" என்ற இரண்டு சொல்லை வெவ்வேறு கருவிகளில் போட்டால், இடைவெளியையும் சேர்த்து ஒன்று 15 என்கிறது, இன்னொன்று 28, மற்றொன்று 82. வேறொருவர் தட்டிய கோப்பிலிருந்து இதே வரியை எடுத்தால் 28க்குப் பதில் 30. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பைத்தானில் எழுதிய சின்ன நிரலோ 13 சொல் என்கிறது! கட்டுரைகளுக்கு நீள வரம்பு வைக்க வேண்டும். எந்த எண்ணை நம்புவது?

இன்னொன்று: ஃபிளெஷ் வாசிப்பு மதிப்பெண்ணை (உரை எவ்வளவு எளிது என்று அளப்பது, எண் கூடினால் எளிது) தமிழுக்குப் போட்டால் எல்லாமே மைனஸில் போகிறது. உரை கடினமா, சூத்திரம் கோளாறா?

நிரல்வாசி:

நீளத்துக்கு வந்த நாலு எண்ணும் சரிதான், ஒவ்வொன்றும் எண்ணுவது வேறு. 13 மட்டும் பிழை.

15 என்பது நாம் எழுத்து என்று சொல்வது. முதல் சொல்லில் கொ, டு, த், து, க் என 5, அடுத்ததில் 9, இடைவெளி 1. 28 என்பது யூனிகோட் குறியீடுகள். 'டு' உள்ளே ட ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாக இருக்கும். மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடுதான். 82 பைட் கணக்கு: யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், இடைவெளி 1. ஆக 27×3+1.

30 வந்ததற்குக் காரணம் இரண்டு 'கொ'. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்றும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணுவதற்கு முன் என்எஃப்சி இயல்பாக்கம் (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) ஓட்டினால் 28க்கு வந்துவிடும். தேடலும் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் ஔவுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டியதையும், காலுக்குப் பதில் ர போட்டதையும் இயல்பாக்கம் தொடாது. அவை எழுத்துப்பிழைகள், தனியாகத் தேடித்தான் திருத்த வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்பை யூனிகோடுக்கு மாற்றாமல் எண்ணவே கூடாது, அங்கே கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகவே விழும்.

13க்கு வருவோம். பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (வடிவம் சொல்லி உரையில் தேடும் முறை) நூலகம் உயிர்க்குறியையும் புள்ளியையும் 'சொல்லுக்குரிய எழுத்து' என்று ஏற்பதில்லை. ஒவ்வொரு குறியிலும் சொல்லை வெட்டுகிறது: முதல் சொல் க, ட, த, த, க என 5 துண்டு, அடுத்தது 8 துண்டு. வெற்றிடத்தில் பிரித்து, ஓரங்களிலுள்ள நிறுத்தக்குறிகளை உதிர்த்துவிட்டு எண்ணுங்கள்.

எழுத்தை எண்ண, யூனிகோடின் எழுத்துக்கொத்து விதியை (எழுத்தையும் அதன் குறியையும் ஒன்றாக எண்ணுவது) பின்பற்றும் நூலகம் எதுவும் போதும். ஒரு விதிவிலக்கு: க்ஷ, ஸ்ரீ இரண்டும் கொத்து விதிப்படி இரண்டிரண்டாக விழும். ஒன்றாக எண்ண விரும்பினால் முன்கூட்டியே ஒற்றைக் குறியால் மாற்றிவிட்டு எண்ணுங்கள்.

தலைப்புக்கு எழுத்துக் கணக்கு, தரவுத்தளப் புலத்துக்கு அது கேட்கும் பைட் அல்லது குறியீட்டுக் கணக்கு. குறுஞ்செய்தியானால் குறியீடுதான்: தமிழில் ஒரு செய்திக்கு 70, தாண்டினால் பல பகுதிகளாகப் பிரியும், பகுதிக்கு 67.

ஒற்றுமிகும்:

கட்டுரை வரம்பைச் சொல்லில் வைப்பதாக இருந்தால் ஒரு சிக்கல். "கொடுத்துக்கொண்டிருந்தார்கள்" என்று சேர்த்து எழுதுபவருக்கு ஒரு சொல், பிரித்து எழுதுபவருக்கு இரண்டு. "வந்துவிட்டது", "செய்யவேண்டும்", "போல" எல்லாம் இதே கதை. துணைவினை சேருமா பிரியுமா என்று முதலில் நடைக்கையேட்டில் தீர்மானியுங்கள். முடியாதென்றால் இடைவெளி நீக்கிய எழுத்து எண்ணிக்கையில் வரம்பு வையுங்கள், அது எழுதுபவரின் பழக்கத்துக்கு ஆடாது.

ஃபிளெஷ் 1948இல் ஆங்கிலத்துக்காகச் செய்தது: 206.835இலிருந்து, வாக்கியத்துக்குச் சராசரிச் சொல் × 1.015, சொல்லுக்குச் சராசரி அசை × 84.6 இரண்டையும் கழிப்பது. (இங்கே அசை என்றால் உயிரொலி எண்ணிக்கை, யாப்பின் நேர்–நிரை அல்ல. தமிழில் எண்ணுவது சுலபம்: மொத்த எழுத்தில் மெய்யையும் ஆய்தத்தையும் கழித்தால் வருவதுதான்.) "வீட்டிலிருந்து புறப்பட்டான்" வாக்கியத்தில் 5 + 4 அசை, சொல்லுக்கு 4.5. மதிப்பெண் ஏறக்குறைய −176. சிறுவன் படிக்கும் வாக்கியத்துக்கு! ஆங்கிலம் தனிச்சொல்லாக வைப்பதைத் தமிழ் வேற்றுமையுருபாகவும் விகுதியாகவும் ஒட்டிவிடுகிறது. நீளமான சொல் என்பதால் கடினமான சொல் ஆகிவிடாது. 84.6 என்ற எடை இங்கே செல்லாது.

எண் ஒன்று வேண்டும் என்றால் லிக்ஸ் என்ற இன்னொரு வாசிப்பு அளவு முறையைத் தழுவலாம்: வாக்கியத்துக்குச் சராசரிச் சொல், அதோடு நூற்றுக்கு எத்தனை நீளச் சொல். மூலத்தில் 6 எழுத்தைத் தாண்டினால் நீளச் சொல். தமிழில் அந்த எல்லை மிகக் குறைவு, 'வீட்டிலிருந்து' ஒன்றே 7. உங்கள் எளிய கட்டுரைகளை எடுத்து, சொற்களில் கால்வாசி மட்டும் தாண்டும் நீளத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் உங்கள் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும்.

அடைப்புக்குறி:

லிக்ஸ் தழுவலிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. தமிழில் வாசகர் தடுக்குவது பெரும்பாலும் எச்சங்களில். வினைமுற்று கடைசியில்தான் வரும், அதற்குள் நாலு வினையெச்சமும் இரண்டு பெயரெச்சமும் அடுக்கினால் எழுவாய் மறந்துபோகும். முற்றுக்கு முன் எத்தனை எச்சம் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் குறித்துப் பாருங்கள். மூன்றுக்கு மேல் போனால் அங்கே வெட்டலாம்.

உண்மையில் புரிகிறதா என்று அறிய கிளோஸ் சோதனை இருக்கிறது, 1953இல் வில்சன் டெய்லர் முன்வைத்தது. முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் கோடாக்கி, 50 கோடு வரும்வரை நீட்டி, நிரப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அதே சொல் வந்தால்தான் மதிப்பெண். தமிழில் அப்படிப் பிடிவாதம் பிடித்தால் 'வீட்டில்' என்ற இடத்தில் 'வீட்டிலே' எழுதியவருக்குப் பூஜ்யம் விழும். வேர்ச்சொல்லுக்கு ஒரு மதிப்பெண், உருபு அல்லது விகுதிக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். உருபில் மட்டும் நிறையப் பேர் தவறினால் சொற்கள் புரிகின்றன, வாக்கிய அமைப்புதான் சிக்கல் என்று அர்த்தம்.

பிழைதிருத்தி:

நன்றி. சராசரி வாக்கிய நீளம் மட்டும் இன்னும் நம்பமுடியாதபடி குறைவாக, 5 சொல் என்று வருகிறதே?

நிரல்வாசி:

முற்றுப்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டுகிறீர்கள். கி.பி., ரூ., திரு., பெயரின் முன்னெழுத்து, 3.5 போன்ற தசமம் எல்லாம் வாக்கிய முடிவாகிவிடும். சுருக்கங்களுக்கு ஒரு பட்டியல் வைத்து, இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள புள்ளியையும், ஓரெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் விலக்குங்கள். தலைப்பு, துணைத்தலைப்பு, பட்டியல் வரிகளையும் எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள், அவை இரண்டு சொல் 'வாக்கியங்களாக' உள்ளே நுழைந்து சராசரியை இறக்குகின்றன.